உறுப்பினர் பட்டியலில் அப்பா

சங்கத்தின் துணைவிதி தெளிவானது: வீடு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உறுப்பினர்; எந்த உறுப்பினரும் நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கலாம். ஆண் என்றோ மணமானவர் என்றோ அதில் ஒரு சொல் கிடையாது. துறைமுக அலுவலகத்தில் விதிகளோடு காலம் தள்ளியவள் நான். இருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில், கல்கத்தாவின் டாலிகஞ்சில் அந்தக் கூட்டுறவுக் குடியிருப்பில் என் சம்பாத்தியத்தில் வீடு வாங்கினேன். குடிவந்த சில வாரங்களில் குழு ஒரு தீர்மானம் போட்டது: தனியாக வாழும் பெண்களைப் பார்க்க வரும் ஆண்களின் பெயரைக் காவலாளி குறித்துக்கொள்ள வேண்டும். 'பெண்கள்' என்ற பன்மை வெறும் நாகரிகம். அங்கே தனியாக வாழ்ந்தவள் நான் ஒருத்திதான்.

அதை ரத்து செய்ய வேண்டுமானால் குழுவுக்குள் போக வேண்டும். வேட்புமனுவை நீட்டினேன். செயலாளர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"உங்க ஹஸ்பண்டைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, தீதி. மெம்பர் அவர்தானே?"

நம் வழக்கப்படி, சேர்க்கைப் படிவத்தில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயரை விரித்து எழுதியிருந்தேன். அதைக் கணவர் என்று தீர்மானித்து, அவரையே உறுப்பினராக்கியிருந்தார்கள்.

"அது எங்கப்பா. அவர் போய் ரொம்ப வருஷமாச்சு."

"ஓ மா! அப்போ கார்டியன் யாரு?"

"நான்தான்."

சிரித்தார். பூஜைக்குப் பழம் நறுக்க ஆள் தேவை, அதில் சேர்ந்துகொள்ளலாமே என்றார். இறந்தவருக்கு வாக்கு, எனக்குக் கத்தி.

மாடிவீட்டுத் தமிழ்ப் பெண், ரயில்வே அதிகாரியின் மனைவி, புத்தி சொல்ல இறங்கி வந்தாள்.

"எதுக்குக்கா வம்பு? மெட்ராஸ்ல உங்க தம்பி இருக்காரே, ஒரு கையெழுத்து வாங்கிடுங்களேன்."

"அவனுக்கு இந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம்னே தெரியாதும்மா."

"தெரிஞ்சு என்னாகணும்? ஆம்பளைக் கையெழுத்து. அவ்வளவுதானே?"

அவள் கணவர் கூட்டங்களில் அரைத்தூக்கத்தில் கை தூக்குவார். அந்தக் கை செல்லும்.

பத்திர நகலையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் இணைத்துக் கூட்டுறவுப் பதிவாளருக்கு எழுதினேன். நினைவூட்டினேன். நேரில் போனேன், ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். நான் இல்லாமலே தேர்தல் நடந்தது. குழாய் பழுதுபார்க்க வந்தவர் பெயரைக்கூடக் காவலாளி விடாமல் எழுதினார். அடுத்த தேர்தலிலும் மனுவைத் திருப்பினார்கள். இம்முறை காரணம், விஷயம் பதிவாளரின் பரிசீலனையில் இருக்கிறதாம்.

நான் உறுப்பினர்தான், மனுவை நிராகரித்தது செல்லாது, ஆனால் தேர்தல்கள் முடிந்துவிட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று பதிவாளரின் பதில் வந்தது, 2003-இல், சரஸ்வதி பூஜைக்கு மறுநாள்.