வைத்தியச்சி கையில் வாள்

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருக்கு "இதுவா அதுவா" என்றே பேர் விழுந்துவிட்டது. கண் பரிசோதிக்க உட்கார்ந்தவரிடம் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக் கேட்டு வந்த வினை. மனிதர் சட்டை வாங்கப் போனாலும் கடைக்காரரை அப்படித்தான் குடைவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பகடைக் கதையாட்டம் நடக்கும். ஆளுக்கொரு வேஷம். என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துவது இதுவா அதுவா. ஆஸ்பத்திரியில் நர்ஸான அவர் மனைவி கதையிலும் வைத்தியச்சி. அவள் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், போர்வீரன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா மந்திரவாதி.

தொல்லை என்னவென்றால், அந்தக் கதையில் எவனுக்கும் சாவு பயமே கிடையாது. மச்சினன் பொழுது போகாமல் மலையுச்சியிலிருந்து குதிப்பான். கீழே கிடந்தபடி "அக்கா" என்பான். அவள் தொடுவாள், எழுந்துவிடுவான். அடிபட்டால் வலிக்காதவனெல்லாம் ஒரு வீரனா?

இதுவா அதுவாவுக்கு வேறு மாதிரிக் கதைமேல் ஆசை வந்துவிட்டது. துருப்பிடித்த வாள், திருட்டு ரத்தினம், ஊரைக் காக்க அல்ல, வயிற்றைக் கழுவச் சண்டை போடும் ஆட்கள். அதற்குத் தோதாக விதிகளைத் திருத்தினார். மந்திரம் போடுகிறவன் தனக்குப் பிடித்த ஒன்றைப் பறிகொடுக்க வேண்டும். கொள்ளையடித்ததை அடுத்த கதைக்குள் குடித்துக் கூத்தடித்துத் தீர்க்க வேண்டும். தொட்டுக் குணமாக்குவது இனி கிடையவே கிடையாது. காயம் பட்டால் நொண்ட வேண்டியதுதான்.

ஒவ்வொரு விதியையும் கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இது மேலா அது மேலா என்று கேட்டார். மனைவியிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய வைத்தியச்சியை ஒழித்துக்கட்டிவிட்டு அவளிடமே அபிப்பிராயம் கேட்க எவனுக்குத் துணிச்சல் வரும்? அவள் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டால் ஆட்டம் அத்தோடு சரி. அவள் இல்லாத மேசையில் உட்கார அவருக்கே மனசு வராது. அதுதான் அவருடைய உண்மையான பயம்.

பூனைக்கு மணி கட்ட மச்சினனை இழுத்துப் பார்த்தார். "நீயே அக்காகிட்ட பக்குவமா சொல்லிடேன்."

"எனக்கு ரெண்டு கையும் வேணும் மாமா. லிஃப்ட்டு ரிப்பேர் பண்ணணும்."

ஞாயிறு வந்தது. விதிகளைக் கடகடவென்று ஒப்பித்தார். கடைசி விதியை இருமலுக்குள் ஒளித்துச் சொன்னார். சித்தப்பா தன் முழங்கால் வலியைப் பறிகொடுக்கத் தயார் என்றார். பிடித்ததைத்தான் கொடுக்க வேண்டும் என்றதற்கு, பழகிப் பழகி அதுவும் பிடித்துவிட்டது என்று சாதித்தார். யாரும் சிரிக்கவில்லை. மனைவி எழுந்து சமையலறைக்குப் போயிருந்தாள். உள்ளே பாத்திரம் உருண்டது.

அவள் திரும்பி வந்தாள். கையில் ஒரே ஒரு டம்ளர் டீ. அதைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வாரம் பூரா யாருக்கு எங்க வலிக்குதுன்னு கேக்கறேன். ஞாயித்துக்கிழமையும் உங்க மூணு பேருக்குக் கட்டுப் போடறேன். எனக்கு ஒரு வாள் குடுங்க."

கொடுத்தார். அப்புறம் அந்த மேசையில் நடந்ததைப் பாவம், போர்வீரன்தான் சொல்ல வேண்டும். ரத்தினத்தோடு பாம்புக் குழியில் விழுந்தவன் பழக்க தோஷத்தில் அக்கா என்றான். மேலேயிருந்து கயிறு இறங்கியது. முதலில் ரத்தினக் கல்லைக் கட்டி அனுப்பு என்றாள். கட்டினான். கல் மேலே போனது. கயிறும் கூடவே போனது. சித்தப்பா சிரித்த சிரிப்பில் பகடை கீழே உருண்டது.

"வாள் வேணும்னு இத்தனை வருஷமா சொல்லவேயில்லையே நீ?" என்றார் இதுவா அதுவா.

"கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்கறீங்க. என்கிட்ட ஒரு தடவை கேட்டீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்.

"அடுத்த வாரம் நீ கதை நடத்தறியா, இல்ல வாள் சுத்தறியா?"

டீயை ஒரு வாய் குடித்தாள்.

"வாள்."

"சரி."

"இவங்களுக்கு டீ நீங்க போடுங்க."

எழுந்து போனார். குழிக்குள்ளிருந்து மச்சினன் தனக்குச் சர்க்கரை குறைவாக இருக்கட்டும் என்றான்.