சோற்றுக்கு வந்தவர்கள்

போன மாதம் வாட்ச்மேன் வேலை கேட்டு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போனபோது, கேன்டீனில் கோதுமை உப்புமா அடிப்பிடித்த வாசனை வந்தது. கையில் வாங்கிய தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எழுபதுகளில், பொன்னேரிப் பக்கம் நான் மூன்றாவது வரை படித்த ஓட்டுப் பள்ளிக்கூடத்தின் மதிய வாசனை அது. இப்போது அங்கே இரும்பு ஏற்றுகிற லாரிகள் நிற்கின்றன, நிற்கட்டும். அன்று பள்ளியில் போடும் இலவச உப்புமாவைச் சாப்பிடுகிற கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான் அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கி, தண்ணீர் தூக்கி வர வேண்டும் என்பது வாத்தியார் வைத்த வழக்கம். அந்த நேரத்தில்தான், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிற நிலக்காரர் பிள்ளைகளுக்கு அவர் வகுத்தல் சொல்லிக்கொடுப்பார், நாங்கள் திரும்பும்போது கரும்பலகை துடைத்திருக்கும்.

என் அக்கா செல்விக்குக் கணக்கு என்றால் உயிர். ஒருநாள் நாங்கள் சுள்ளி பொறுக்கக் கிளம்பியபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"சோத்துக்கு வந்ததுங்க எல்லாம் கெளம்பியாச்சி, நீ இன்னாடி குந்திக்கினு கீற?" என்றார் வாத்தியார்.

"நான் துன்னல சார். கணக்கு போடறேன்."

"போட்டு? நடவுல நாத்து எண்ணப் போறியா?"

பெஞ்சில் இருந்த நிலக்காரர் பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து மூன்று நாள் வகுத்தல் போட்டாள். காலையில் குடித்த கஞ்சித் தண்ணீரோடு சரி. நாங்கள் சாப்பிடும்போது முதுகைத் திருப்பிக்கொள்வாள், நான் ஒளித்துக் கொண்டுபோன உப்புமா உருண்டையையும் "சார் பாத்துடுவாரு" என்று தள்ளிவிட்டாள்.

நாலாம் நாள், வாத்தியார் வாயைத் திறப்பதற்கு முன்பே, அக்கா சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் சுள்ளி பொறுக்கப் போனாள்.