துவரம்பருப்பால் அளந்த நிலா

எங்கள் ஊர் நிலாதான் உலகத்திலேயே பெரியது என்பதில் ஒன்பது வயது வரை எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. போர்ட் பிளேரில், ஷாதிபூர் மேட்டில் எங்கள் வீடு. மொட்டை மாடிக்குப் போனால் தகரக் கூரைகளுக்கு அப்பால் கிழக்கே கடல் தெரியும். பௌர்ணமியன்று ஹேவ்லாக் தீவு இருக்கும் திசையில், நீருக்குள்ளிருந்து செக்கச்செவேலென்று நிலா எழுந்து வரும். அம்மாவின் தோசைக்கல்லைவிடப் பெரிதாக இருக்கும்.

இந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டவர் மாமா, அம்மாவின் தம்பி. வண்டூரில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிப் பவளப்பாறை காட்டுவது அவர் பிழைப்பு. அந்தமான் கடலுக்குள் தள்ளி இருப்பதால் நிலாவுக்குப் பக்கம் என்று பயணிகளிடம் சொல்வார். அவர்களும் தலையாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். ஹேவ்லாக்காரர்களுக்கு நிலா இன்னும் பக்கம் என்றும், அங்கே தேங்காய் பறிக்க ஏறுகிறவர்கள் பௌர்ணமியன்று தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ள வேண்டும் என்றும் எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தார்.

அம்மாவும் இந்த நிலாவைத்தான் நம்பியிருந்தாள். அவளுக்கு வேறு வழியில்லை. அம்பாசமுத்திரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, போனில் பேசும்போதெல்லாம் அந்த ஊரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பார். அரிசி, வெங்காயம், பருப்பு எல்லாம் கப்பலில் வருபவை. கப்பல் தாமதமானால் எங்கள் வீட்டு உருளைக்கிழங்குப் பொரியலும் தாமதமாகும். எதைச் சொல்லிப் பெருமைப்படுவது? கடைசியில் அம்மா ஒருநாள், "நிலா இருக்குது அண்ணி. இவ்வளவு பெரிய நிலாவ உங்க ஊர்ல பாத்திருக்கவே மாட்டீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அத்தை அதைப் பார்க்கவே வந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து கப்பலில் வந்தார். வழியெல்லாம் வாந்தி. இறங்கிய பிறகும் தரை ஆடுகிறது என்று சுவரைப் பிடித்தபடியே நடந்தார். தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அப்பாவுக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைக்கிற மாதிரி இருந்தது. அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தச் 'சரி'யை வாங்கிக்கொண்டு போகத்தான் அத்தை கடையைப் பூட்டிவிட்டுக் கடல் தாண்டி வந்திருந்தார். அம்மாவோ, இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து, இந்தத் தீவுகளின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பத்துப் பெண். இங்கேயே பிறந்தவள். மெயின்லேண்டைக் கல்யாணச் சமயத்தில் பார்த்ததோடு சரி.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது பேச்சு ஆரம்பிக்கும்போதே என்னை வெளியே விளையாடப் போகச் சொல்லிவிடுவார்கள். நானும் மகிழ்ச்சியாகப் போய்விடுவேன். அந்த வாரம் வீட்டில் பெரியவர்கள் மெதுவாகப் பேசினார்கள், பாத்திரங்கள் மட்டும் பலமாகப் பேசின என்பது நினைவிருக்கிறது.

பௌர்ணமி வந்தது. எங்கள் ஊரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். எல்லோரும் மாடிக்குப் போனோம். மாமாவும் ஒரு பை மீனோடு வண்டூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். கடல் விளிம்பில் முதலில் ஒரு சிவப்புக் கீற்று, பிறகு பாதி, பிறகு முழுசாக நிலா. அம்மா நிலாவைப் பார்க்கவில்லை, அத்தையின் முகத்தைப் பார்த்தாள். நானும் அப்படியே செய்தேன்.

அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிலாவை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு, "பெருசாத்தான் தெரியுது" என்றார். அம்மா மூச்சு விட்டாள். "ஆனா கண்ண நம்பி யாவாரம் பண்ண முடியாது. அளந்து பாத்திருவோம்."

நிலாவை எப்படி அளப்பது என்று கேட்டேன்.

"கைய நீட்டி மறைச்சுப் பாக்க வேண்டியதுதாம்ட்டி. எது சரியா மறைக்கோ, அதான் அளவு."

நான் ஓடிப்போய்த் தோசைக்கல்லைத் தூக்கி வந்தேன். கை நீட்டிப் பிடித்தபோது அது நிலாவை மட்டுமல்ல, பாதிக் கடலையும் மறைத்தது. அடுத்து ஒரு ரூபாய்க் காசு. அதற்குப் பின்னாலும் நிலா இருந்த இடம் தெரியவில்லை. அப்பாவின் சட்டைப் பொத்தானும் பெரிதாகத்தான் இருந்தது. அம்மா நம்பாமல் பொத்தானை வாங்கித் தானே பிடித்துப் பார்த்தாள். ஒரு கண்ணை மூட மறந்துவிட்டாள். "எனக்கு ரெண்டு பொத்தான் தெரியுது, நடுவுல நிலா நல்லாத்தான் தெரியுது" என்றாள். மாமா அதையே தீர்ப்பாக அறிவிக்கப் பார்த்தார். அத்தை விடவில்லை.

"போயி ஒரு துவரம்பருப்பு எடுத்துட்டு வா."

இரண்டு விரல் நுனியில் அதைப் பிடித்துக் கையை நீட்டினார் அத்தை. ஒரு கண்ணை மூடினார். பிறகு எல்லோரும் ஒவ்வொருவராகப் பார்த்தோம். தோசைக்கல்லை வெல்லும் எங்கள் நிலா ஒரு பருப்புக்குப் பின்னால் கச்சிதமாக அடங்கிப்போயிற்று. அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

மாமாதான் சுதாரித்தார். "அரே, கொஞ்சம் நில்லுங்க அக்கா. இப்ப பக்கத்துல இருக்கு, பருப்புக்குச் சரியா இருக்கு. மேல ஏறட்டும், தூரம் போயிரும், சின்னதாயிரும். அதுதான் உங்க மெயின்லேண்ட் சைஸ். அப்ப பருப்ப வெச்சுப் பாருங்க, நிலா போக பருப்புல சுத்தி எவ்வளவு இடம் மிச்சம் கெடக்குன்னு தெரியும்."

நியாயமாகப் பட்டது. காத்திருந்தோம். அப்பாவும் மாமாவும் கீழே மீன் கழுவப் போனார்கள். நான் பருப்பைக் கைக்குள் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் அத்தையும் கைப்பிடிச் சுவரருகே நின்றார்கள்.

"அண்ணி, நான் வரமாட்டேன்னு சொல்லல. ஆனா கடல் எந்தப் பக்கம்னு தெரியலன்னா எனக்குத் திசையே பிடிபடாது. அங்க வந்து நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியல" என்றாள் அம்மா.

வழி தெரியாவிட்டால் போலீஸ்காரரைக் கேட்கலாமே என்று நான் யோசனை சொன்னேன். இருவரும் என் பக்கம் திரும்பவே இல்லை. அத்தை அம்மாவின் முழங்கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். தரை ஆடுகிறதாக்கும் என்று நினைத்தேன்.

நிலா உயரே ஏறிவிட்டது. சிவப்புப் போய் வெளுத்து, ஒரு சின்ன வெள்ளை வட்டமாக நின்றது. மாமா வெற்றிச் சிரிப்போடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். அத்தை என்னிடமிருந்து பருப்பை வாங்கிக் கையை நீட்டினார். முன்பு மறைத்தது போலவே, கொஞ்சமும் கூடாமல் குறையாமல் மறைத்தது. கண்ணுக்குப் பாதியாகத் தெரிந்த நிலா பருப்புக்கு மட்டும் அதே நிலாவாக இருந்தது. யாருக்கும் எதுவும் புரியவில்லை. நாங்கள் திரும்பத் திரும்பக் கண்ணை மூடிப் பார்த்தோம்.

மாமா தொண்டையைச் செருமினார். "ஹவா குளுந்துடுச்சுல்ல? இந்தக் காத்துல பருப்பு சுருங்கிருச்சு. பக்கா."

"எனக்குப் புத்தி தெரிஞ்ச நாள்லேருந்து பருப்பு விக்கேன்" என்றார் அத்தை. "நிலா வெளிச்சத்துல சுருங்குத பருப்ப இன்னிக்குத்தான் பாக்கேன்."

முதலில் அப்பா சிரித்தார். பிறகு அத்தை, பிறகு அம்மா. சிரித்ததில் அம்மா சுவரோரமாக உட்கார்ந்தே விட்டாள். அந்த வாரத்தில் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அத்தை பருப்பை ஒரு துண்டுக் காகிதத்தில் பொட்டலம் மடித்துத் தன் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த பௌர்ணமிக்கு ஊரில் அளந்து பார்த்துச் சொல்வதாகவும், அதுவரை யாரும் ஜெயிக்கவில்லை என்றும் சொன்னார். சில நாட்களில் கப்பல் ஏறினார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கப்பல் நகர்ந்தபோது சின்னப் பையனைப் போல அழுதார். பௌர்ணமி வரை பொறுக்க வேண்டுமே என்ற கவலைதான் எனக்கு.

அந்த நாளும் வந்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அத்தையின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"அளந்துட்டேன்ட்டி. இங்க பருப்புக்குப் பின்னால நிலா போயிட்டு, சுத்தி இடம் கெடக்கு. உங்க ஊரு நிலாதான் பெருசு. உங்கம்மாட்ட சொல்லிரு. அப்பாட்டயும் சொல்லு, அவன் அங்கனயே இருக்கட்டும்."

நிலாச் செய்தியை மாடியிலிருந்தே கத்தினேன். மற்றதைச் சாவகாசமாகக் கீழே இறங்கி வந்து சொன்னேன். அப்போதுதான் வெளியிலிருந்து வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா போனை வாங்கி, "அண்ணி, அண்ணி" என்றாள். லைன் எப்போதோ போயிருந்தது. போனை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். பிறகு நெய் வாசனை வந்தது. நிலா ஜெயித்ததற்காக எங்கள் வீட்டில் கேசரி கிண்டினார்கள் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஆறாம் வகுப்பில் டீச்சர் என் தலையில் கல்லைப் போட்டார். நிலா அவ்வளவு தொலைவில் இருக்கிறதாம். பூமிக்கும் அதற்கும் நடுவே முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கலாமாம். அதற்கு முன்னால் போர்ட் பிளேர் என்ன, அம்பாசமுத்திரம் என்ன, எங்கிருந்து பார்த்தாலும் ஒரே அளவாம். கடலோரத்தில் பெரிதாகத் தெரிவது கண் செய்யும் ஏமாற்று வேலையாம். மாமாவின் பொய் எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் அத்தை? அளந்தல்லவா சொன்னார்! யோசித்ததில் ஒரே காரணம்தான் தோன்றியது. அத்தைக்குக் கண் கெட்டுவிட்டது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த லீவில் ஊருக்குப் போனோம். கடையில் அத்தை மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமலே தராசு முள்ளை உற்றுப் பார்த்து, ஒரே ஒரு மிளகை எடுத்து உள்ளே போட்டார். தெரு முனையில் வரும்போதே என்னை அடையாளம் கண்டு கையை ஆட்டியவரும் அவர்தான். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாவம் அத்தை, இருட்டினால் மட்டும்தான் அவருக்குக் கண் தெரியாது போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.