அளவுத் தலை

மேல்கண் பார்க்க, கீழ்க்கண் படமெடுக்க என்றிருக்கும் இரட்டைக்கண் கேமராவை இடுப்பில் வைத்துக் குனிந்து பார்த்துப் படமெடுத்தால் உலகத்தில் எல்லோருக்கும் முகவாய்தான் பெரிது. மூக்குத் துவாரங்கள் இரண்டு, அதற்கு மேல் எங்கேயோ ஒரு நெற்றி, அதற்கும் மேலே வானம். கல்யாண வீட்டுக்கு அது போதும். மாலை தெரியும், தாலி தெரியும். திருத்தணி மலையேறி வருகிறவர்கள் காட்ட வருவதோ மொட்டையை. சந்தனம் பூசி, வெயிலில் மினுங்கி, கொடுத்துவிட்டேன் பார் என்று முருகனைப் பார்த்துச் சிரிக்கும் மொட்டையை. அது மேலிருந்து பார்க்கவேண்டிய பொருள்.

என் அம்மா அந்த மலையில் போட்டோ எடுப்பவள். அடிவாரத்துக் கடையின் இருட்டறையில் கழுவி எடுப்பவர் நைனா, என் அப்பா. அம்மா குள்ளம். முக்காலி மேல் ஏறிக் குனிந்து பார்ப்பாள். மலை வெயில் நேராகக் கேமராவின் உச்சியில் காட்சி தெரிகிற தேய்த்த கண்ணாடி மேல் விழும், ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் இடம் வலமாகத் தெரியும். குழந்தை இந்தப் பக்கம் துள்ளினால் கண்ணாடிக்குள் அந்தப் பக்கம் ஓடும். முகவாய்களை எடுத்து எடுத்து அம்மாவுக்கு அலுத்துவிட்டது. கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க ஏதாவது வேண்டும் என்று மெட்ராஸ் கடையில் விசாரித்தாள். மேலே மாட்டுகிற கனத்த கண்ணாடிக் கட்டி ஒன்று இருந்தது, எங்கள் கேமராவின் தலையில் அது உட்காரவில்லை. வெறுங்கையோடு வந்தவள் சைக்கிள் ஸ்போக்கைச் சதுரமாக வளைத்தாள். பவுடர் டப்பா மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டாள். கேமராவின் உச்சியில் முன்னால் சதுரம், பின்னால் ஓட்டை. ஓட்டையில் கண்ணை வைத்தால் சதுரத்துக்குள் எது இருக்கிறதோ அதுதான் படம்.

கோபுரத்தை எடுத்துப் பார்த்தாள், கச்சிதம். படியேறி வரும் காவடிக் கூட்டத்தை எடுத்தாள், அதுவும் கச்சிதம். “வியூஃபைண்டரு செய்ய வெள்ளைக்காரன்தான் வரணுமா?” என்று நைனாவிடம் கேட்டுவிட்டு, அடுத்த கிருத்திகைக்கு அதோடுதான் மலையேறினாள்.

நாலாம் நாள் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு அம்மாள் படத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். தூரத்துக்குப் பொய் சொல்லாத அந்தக் கம்பி, பக்கத்தில் நின்றவர்களிடம் பொய் சொல்லியிருந்தது. படமெடுக்கும் கண்ணுக்கு முக்கால் சாண் மேலே அல்லவா அம்மாவின் கண் இருந்தது? அவள் பார்த்த தலையைக் கீழேயிருந்த கண் பார்க்கவே இல்லை.

“இன்னாம்மா இது, புருவத்தோட நின்னுபோச்சு. எம் புள்ள மொட்ட எங்க?”

அம்மா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“முடி குடுத்தது மூஞ்சிய காட்றதுக்கா? முடி மொளச்சிடும், மொதல் மொட்டய மறுபடி போட முடியுமா?”

“தப்பு எம்மேலதாங்க்கா.”

“வர கிருத்திகைக்கு எங்கண்ணன் புள்ளைங்க ரெண்டுத்துக்கும் மொட்ட. உங்கிட்டயே வந்து நிக்கிறேன். அதுலயும் தல வரலன்னா, இந்த மலையில எவளும் உங்கிட்ட நிக்கமாட்டா. சொல்லிட்டேன்.”

அவள் போன பிறகு நைனா, “கம்பிய தூக்கிக் கடாசு. பழையபடி குனிஞ்சே எடு,” என்றார்.

“குனிஞ்சி எடுத்தா மூக்குதான வருது? மூக்க பாக்கவா அவ்ளோ தூரம் ஏறி வராங்க?”

கம்பியைக் கடாசவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரிச் சோறுகூட இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். தோற்றால் மலையையே விடவேண்டும் என்பது எனக்கே புரிந்தது.

எனக்கு அப்போது வேறொரு துக்கம். டைபாய்டு தெளிந்ததற்கு வேண்டிக்கொண்டபடி எனக்கும் மொட்டை போட்டிருந்தார்கள். நாலாம் வகுப்பில் நான் ஒருத்திதான் மொட்டை. பின்பெஞ்சுக்காரர்கள் விரலை மடக்கி என் மண்டையில் தட்டுவார்கள். “வூட்ல யாரு?” என்பான் ஒருத்தன். “யாரும் இல்லடா, காலி வூடு,” என்பான் இன்னொருத்தன். வகுப்பே சிரிக்கும். அந்த வாரம் ஒருநாள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து மூலையில் உட்கார்ந்தவள், இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதேன்.

அம்மா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். பிறகு துண்டை உருவினாள். “நாளைக்கு லீவு போட்டுடு. உன் தல எனக்கு வேணும்.”

மறுநாள் காலை வெயிலில், வாசலில், முக்காலியில் நான். நெற்றியிலிருந்து பிடரிவரை புதுச் சந்தனம். மலையில் ஆட்கள் நிற்கிற தூரத்துக்கு ஐந்தடிக் கயிறு பிடித்து அளந்த இடத்தில் ஸ்டாண்டு மேல் கேமரா. அதன் முதுகைத் திறந்து, பிலிம் ஓடுகிற இடத்தில் பட்டர் பேப்பரை ஒட்டி, ஷட்டர் மூடாதபடி நிறுத்தியிருந்தார்கள். நைனா கறுப்புக் கம்பளிக்குள் புகுந்துகொண்டு அந்தத் தாளைப் பார்த்தார்.

“தலைகீழா தொங்குறா உம்மவ.”

“தொங்கட்டும். தல முழுசா கீதா?”

“எங்க கீது? புருவத்தோட போச்சு.”

ஓட்டையில் கண்ணை வைத்திருந்த அம்மா கேமராவின் மூக்கைக் கொஞ்சம் தூக்கினாள்.

“இப்போ?”

“நெத்தி வந்துகினு கீது.”

“இப்போ?”

“ஆங், வந்துட்டா! சந்தனத்தோட வந்துட்டா!”

அம்மா அப்படியே நிறுத்தினாள். கம்பிச் சதுரத்தில் என் உச்சி இப்போது எந்த இடத்தில் நிற்கிறதோ, அதற்கு ஒரு நூலளவு மேலே, குறுக்காகச் சிவப்புத் தறிநூலைக் கட்டினாள். பக்கத்தில் நிற்பவர் தலை நூலுக்குக் கீழே. தூரத்துக் கூட்டம் என்றால் நூலைக் கண்டுகொள்ளாதே. அவ்வளவுதான் சூத்திரம். அதற்காக நான் உச்சிவெயில்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சந்தனம் காய்ந்து வெடித்தது, எறும்பு ஒன்று காதோரம் ஏறியது. “ஆடாதடி. நீ ஆடினா அளவு போச்சு,” என்றாள் அம்மா. எறும்பு கடித்தது. நான் ஆடவில்லை. ஒரு மலைக்கே அளவாக உட்கார்ந்திருப்பவள் எறும்புக்கு ஆடுவாளா?

கிருத்திகையன்று ஆர்.கே.பேட்டை அம்மாள் சொன்னபடி வந்து நின்றாள். இரண்டு பிள்ளைகள், இரண்டு மொட்டைகள். அம்மா முக்காலி மேல் ஏறி, ஓட்டையில் கண் வைத்து, மூச்சைப் பிடித்து ஒரே ஒரு தடவை அழுத்தினாள். இன்னொன்று எடுக்கச் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்த அம்மாள் ஊருக்குப் போகவில்லை, கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நைனா ஈரப் படத்தோடு இருட்டறையிலிருந்து வந்தபோது அம்மா அதைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

“தல கீது,” என்றாள் அவள். பிறகு, சிரிக்காமல், “மேல கொஞ்சம் ஆகாசத்தயும் சேத்து வெச்சிகீற. அதுக்குத் தனியா கேப்பியா?”

அம்மா என்னைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். “அளவு இவ தலைதாங்க்கா.”

அந்த அம்மாள் என் மொட்டையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தட்டவில்லை.

மறுநாள் துண்டு இல்லாமல் பள்ளிக்கூடம் போனேன். மலையில் எடுக்கிற போட்டோ எல்லாம் என் தலையை வைத்துத்தான் எடுக்கிறார்கள் என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னேன். காலி வீடு என்றவனே இடைவேளையில் வந்து, தன் தலையும் அளவுக்கு ஆகுமா என்று கேட்டான். ஆகாது என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதத்தில் எனக்கு முடி முளைத்தபோது ஒரே கவலை: அளவு கெட்டுப்போகுமே, மறுபடியும் மழிக்கவேண்டுமா? “ஒருதபா எடுத்த அளவு போதும்டி,” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

போன மாதம் அதே வகைப் பழைய கேமரா ஒன்று என் கைக்கு வந்தது. கம்பி வளைத்தேன், ஓட்டை போட்டேன், பட்டர் பேப்பரை ஒட்டினேன். முக்காலியில் உட்காரவைக்க வீட்டில் ஒரு மொட்டை இல்லையே என்று யோசித்துக்கொண்டே கரித்துண்டை எடுத்து எதிர்ச் சுவரில் தலை உயரத்துக்கு ஒரு கோடு கிழித்தேன். கால் மணி நேரத்தில் நூல் கட்டியாயிற்று. அசையாத கோடு, தலையைவிடத் துல்லியமாகவே இருந்தது.

எங்கள் வீட்டில் சுவருக்கும் கரிக்கும் அந்த நாளிலும் பஞ்சம் இருந்ததில்லை.