எபனேசர் கடை சர்வரில் இன்னொருவர்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படியுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ஒன்று. நான் பேய்க்குப் பயந்தவள் இல்லை. சீசன் முடிந்த குற்றாலத்தில், பூட்டிக் கிடக்கும் லாட்ஜுகளுக்கு நடுவே, மாடி அறையில் இரண்டு வருடம் தனியாக இருந்தவள். பயந்தாங்கொள்ளியாக இருந்தால் அங்கே ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது. போன நவம்பரில், அதுவும் பட்டப்பகலில், எனக்கு நடந்தது நடந்ததுதான்.

என் தொழில் வெப்சைட் செய்வது. சைட்டை எங்கேயாவது ஓடவிட வேண்டுமே, அதற்கு ஒரு சர்வர். தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் எபனேசர், கடையின் பின்னறையில் ஒரு மெஷினை எந்நேரமும் ஓடவிட்டு, அதில் எனக்கும் இடம் கொடுத்திருந்தான். ஒரே வளவுக்குள் தனித்தனி வீடு மாதிரி. என் புரோகிராமை என் ஃபோல்டருக்குள் நானே நிறுவி, நானே ஓட்டிக்கொள்ள வேண்டும். அறையில் இருந்தபடியே நெட் வழியாக உள்ளே போய்விடலாம்.

"ஃபோல்டரப் பூட்டியே வைங்கக்கா" என்று அவன் முதல் நாளே சொன்னான். "அவசரத்துல எல்லாருக்கும் தெறந்து விட்டுராதீங்க. அப்புறம் யாரு வந்தா, யாரு போனான்னு எனக்கே தெரியாது."

அன்றைக்கு ஜெபசிங் அண்ணாச்சியின் காட்டேஜுகளுக்கு ரூம் புக்கிங் சைட். காலையிலேயே போன் செய்துவிட்டார்.

"முத்துசெல்வி, அஞ்சு மணிக்கு பார்ட்னருங்க வாராங்க. அப்ப சைட்டு ஓடணும். இல்லேன்னா மெட்ராஸ் கம்பெனிக்கே குடுத்துருவாங்க. தப்பா நெனைக்காதம்மா."

எனக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான். அது போனால் அறையைக் காலி செய்துவிட்டு, சென்னையில் அண்ணன் வீட்டு ஹாலில் பாய் விரிக்க வேண்டும். அண்ணி வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டாள். பாத்திரத்தை மட்டும் டமார் டமார் என்று வைப்பாள். அதற்கு இங்கே குரங்குகளோடு இருந்துவிடலாம்.

மழை பிடித்துக்கொண்டது. எதிரே சிப்ஸ் கடைகளின் தகரத்தில் சடசடவென்று சத்தம். அதற்குப் பின்னால் அருவியின் இரைச்சல். மனுஷக் குரல் ஒன்றுகூட இல்லை. நான் வாய் திறந்து பேசியே மூன்று நாளாகியிருந்தது, அண்ணாச்சியின் போனைத் தவிர.

மதியம் 1.42. படார் என்று ஒரு இடி. கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. போனில் இருந்து நெட் எடுத்துக்கொண்டேன். சர்வர் ஒரு நிமிடம் உறைந்து நின்றது. பிறகு தானாகவே வந்துவிட்டது.

முன்னைவிட வேகமாக இருந்தது. அந்தப் பழைய மெஷின் இப்படிப் பறந்து நான் பார்த்ததே இல்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

ஆனால் சைட் மட்டும் ஓட மறுத்தது. 'அனுமதி இல்லை... அனுமதி இல்லை...' திரும்பத் திரும்ப அதே வரி. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். போய்த் தொலை என்று மூன்று ஏழுகளை அடித்துவிட்டேன். அது ஒரு கட்டளை. அடித்தால் ஃபோல்டர் எல்லாருக்கும் திறந்துகொள்ளும். யாரும் வரலாம், படிக்கலாம், எழுதலாம். சைட் ஓடியதும் பூட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அப்போதும் ஓடவில்லை.

சர்வரில் வேறு யாராவது மெமரியைத் தின்கிறார்களா என்று பார்த்தேன். பட்டியலில் நான். எனக்குக் கீழே 'சுந்தர்' என்று இன்னொருவர். எபனேசருக்குத் தெரிந்த பையனாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மணி என்ன என்று சர்வரிடம் கேட்டேன். 1.42 என்றது. என் போனில் 3.05.

என் ஃபோல்டருக்குள் புதிதாக ஒரு ஃபைல் இருந்தது. நான் வைத்தது இல்லை.

திறந்தேன். உள்ளே ஒரே சொல்.

'சாப்டியா?'

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. அம்மா போன பிறகு என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அதே ஃபைலில் கீழே எழுதினேன்.

'இல்ல. நீங்க?'

மழை கொஞ்சம் தணிந்தது. மறுபடி திறந்தபோது பதில் இருந்தது.

'எனக்குப் பசிக்கிறதே இல்ல.'

குசும்பு பிடித்தவன் என்று சிரித்துக்கொண்டேன். வேலையைப் பார்த்தேன். சைட்டை எழுப்புவேன், விழும். எழுப்புவேன், விழும். மணி 4.40. அண்ணாச்சி இரண்டு தடவை அடித்துவிட்டார், நான் எடுக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. அந்த ஃபைலில் எழுதினேன்.

'என்னால முடியல.'

கையை எடுத்துவிட்டேன்.

திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன.

நான் எதையும் தொடவில்லை. சைட்டின் செட்டிங்ஸ் இருக்கும் ஃபைல் தானே திறந்தது. ஒரு வரி அழிந்தது. புதிதாக மூன்று வரிகள் வந்தன. ஒவ்வொரு எழுத்தாக... நிதானமாக... யோசித்து யோசித்து.

4.52. சைட் திறந்தது.

கொஞ்ச நேரத்தில் போன். "பிரமாதம்மா! பார்ட்னருங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இனி எல்லா வேலையும் உனக்குத்தான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. போனை வைத்ததும் அந்த ஃபைலில் எழுதினேன். 'ரொம்ப நன்றி. நீங்க யாரு? ஃபோல்டர இப்பப் பூட்டணும், எபனேசர் திட்டுவான்.'

பதில் வந்தது.

'பூட்டாத.'

பூட்டும் கட்டளையை அடித்தேன். அது அழிந்தது. மறுபடி அடித்தேன்.

அழிந்தது.

'இத்தன நாளுக்கு அப்புறம் இப்பத்தான் ஒரு ஆளு தெறந்துவிட்டிருக்கு.'

லேப்டாப்பைப் படக்கென்று மூடினேன்.

டக்... டக்... டக்...

மூடிய லேப்டாப்புக்குள் இருந்து.

டக்... டக்...

அருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அது மட்டும்தான் கேட்டது.

செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன்.

தென்காசி பஸ் எப்படி ஏறினேன் என்று தெரியாது. எபனேசர் கடை வாசலிலேயே கருகல் நாற்றம். மேஜை மேல் ஒரு மெஷின், மூடியைக் கழற்றிப் போட்டிருந்தது. உள்ளே எல்லாம் கறுப்பு.

"வாங்கக்கா. ஏன் இப்படி நனைஞ்சு வாரீங்க? போன் போட்டேன், பிஸியாவே இருக்குது" என்றான். "மத்தியானம் இடி விழுந்துட்டு. சர்வர் போச்சு. ரெண்டு மணிக்கு முன்னாடியே போச்சு. போர்டு, டிஸ்க்கு ஒண்ணும் மிஞ்சல."

"எபனேசர்... சுந்தர் யாரு?"

"எந்த சுந்தர்? இதுல அக்கவுண்டு உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான்க்கா."

என் போனில் சைட்டைத் திறந்து அவன் முன்னால் நீட்டினேன். அண்ணாச்சியின் காட்டேஜுகள் பளிச்சென்று வந்தன. எபனேசர் அதைப் பார்த்தான். தரையில் கழன்று கிடந்த வயரைப் பார்த்தான். அப்புறம் போனை என் கையில் மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடை விளக்குகளை எல்லாம் போட்டான்.

குற்றாலம் அறையைக் காலி செய்துவிட்டு, தென்காசி பக்கத்தில் குத்துக்கல்வலசைக்கு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் இரண்டு குழந்தைகள் நாள் முழுக்கக் கத்தும். கத்தட்டும். அந்தச் சைட் இன்றைக்கும் ஓடுகிறது, ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அதை நிறுத்த வேண்டுமானால் நான் உள்ளே போக வேண்டும். போகமாட்டேன்.

போன வாரம் ஜெபசிங் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"ஏம்மா, சைட்டுல பேசுததுக்கு ஒரு தம்பிய வச்சிருக்கியே, தங்கமான பையம்மா. கேட்ட உடனே பதில் போடுதான். ஒண்டியா இருக்கவங்ககிட்ட மணிக்கணக்காப் பேசுதானாம். நீங்க வாங்க, நான் இருக்கேன்னு சொல்லுதானாம். இப்பல்லாம் ஆஃப் சீசன்லயும் ரூம் நிறையுது. எல்லாம் தனி ஆளுங்கதான்."

போனை அணைத்துவிட்டேன்.

அந்தச் சைட்டில் பேசுவதற்கு நான் இடமே வைக்கவில்லை.