படகுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைச் சாமான் எழுதிக் கொடுப்பதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடினால் சுவரோரமாகப் போய் நிற்கிற ஆள். இதை எழுதுவதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கரையில் நின்ற எங்கள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மாதிரி கதையைத் திரித்துச் சொல்லித் திரிகிறார்கள். அது பொறுக்காமல்தான் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரரின் தங்கை டென்மார்க்கில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே துடுப்புப் படகு கிளப் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். குளிர்காலத்தில் அங்கே தண்ணீரில் இறங்க முடியாதாம். அதனால் ஜனவரியில் வேறு தேசத்துக்குப் போய்ப் பயிற்சி முகாம் போடுவார்கள். வழக்கமாக ஸ்பெயின். இந்தத் தடவை "எங்க ஊருக்கு வாங்க" என்று இவள்தான் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். குற்றாலத்தில் சீசன் இல்லாத நேரம், பங்களா சுலபமாகக் கிடைத்தது. கார்த்திகை மழையில் பக்கத்துக் குளமும் ததும்பிக் கிடந்தது. ஆலப்புழையில் படகுகளை வாடகைக்குப் பிடித்து, செங்கோட்டை வழியாக லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சமையல் என் பொறுப்பு.

வந்தவர்கள் நாத்தனாரோடு சேர்த்து ஐந்து பெண்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நரைத்த தலை அம்மா ஒருத்தி. காலையில் குளத்தைச் சுற்றிவிட்டு வந்தால் இட்லிச் சட்டி காலியாகும். படகில் திரும்பி உட்கார்ந்து, போகிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் துடுப்புப் போடுவார்கள். என் வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டுகிறவர். அவருக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. "எதுக்க வண்டி வந்தா என்ன செய்வாளுவ?" என்பார்.

கோடையில் அவர்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஓட்டுகிற படகுகளுக்குப் போட்டி. மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவது இடம் நாத்தனாருக்கா, அவளோடு வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கா என்பதுதான் பாக்கி. முகாம் முடிவதற்குள் இரண்டு பேரும் ஒற்றைப் படகுகளில் ஏறிப் பந்தயம் விடவேண்டும். ஜெயிப்பவளுக்கு அந்த இடம்.

பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தேங்காய் துருவிக்கொண்டே நாத்தனார் சொன்னாள். "எத்தனை வருசம் மதினி, கரையில நின்னு தண்ணி பாட்டில் நீட்டுதேன். அவளுக்குக் கால் நீளம். படகுல சீட்டு முன்னயும் பின்னயும் ஓடும். காலை உதைச்சுத்தான் வேகம் வரும். என் கால் குட்டை."

"தோள் இருக்கேட்டி" என்றேன். ஆஸ்பத்திரியில் ஆட்களைத் தூக்கித் தூக்கி உரமேறிய தோள் அவளுக்கு.

"தோளை வச்சு என்ன செய்ய?" என்று துருவலை என் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் காலையில் அச்சன்புதூரிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் கையில் தேங்காய், சந்தனம், சூடம், எலுமிச்சம்பழம். வீட்டுக்குக் கிரைண்டர் வாங்கினால்கூடப் பூஜை போடாமல் சுவிட்சைத் தொட விடமாட்டார். படகை விடுவாரா? பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்துவிட்டு, படகைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏட்டி, பழத்தை எங்கன வைக்க? இதுக்குச் சக்கரம் கிடையாதா?"

"சீட்டுக்குக் கீழ இருக்குண்ணே, சின்னதா" என்று நாத்தனார் பதற்றத்தில் சொல்லிவிட்டாள்.

தண்டவாளம் மாதிரி இரண்டு பட்டை, அதன்மேல் உருளுகிற சக்கரங்கள். அதற்கு முன்னால் பட்டைக்கு ஒன்றாய் இரண்டு பழம் வைத்தார். "ஏறி நசுக்கு!" நாத்தனார் உட்கார்ந்து உந்தினாள். சதக். பெண்கள் குலவையிட்டார்கள். நரைத்த அம்மா சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தாள். உடனே டீச்சர் தன் படகைக் காட்டி, எனக்கும் செய்யுங்கள் என்று கையசைத்துக் கேட்டாள். "நல்ல பிள்ளை" என்று சொல்லி அவளுக்கும் வைத்தார். நசுங்கிய பழங்களை எடுத்து எறிந்ததோடு சரி. தோலும் விதையும் பட்டையில் ஒட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

விசில் ஊதியதும் டீச்சர் படகு சர்ரென்று முன்னால் போனது. நாத்தனார் பின்தங்கினாள். பாதிக் குளம் தாண்டியிருக்கும், திடீரென்று டீச்சர் குனிந்து சீட்டைக் குலுக்கினாள். அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் நாத்தனாரும் குனிந்தாள். அவள் சீட்டும் நின்றுபோனது.

"என்னவே, ரெண்டு வண்டியும் பஞ்சரா?" என்றார் வேனில் வந்த ஒரு மாமா.

"உம்ம வாயை மூடும்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

இனிக் காலுக்கு வேலை இல்லை. தோளும் கையும்தான். நாத்தனார் துடுப்பை வாரி வாரி இழுக்க ஆரம்பித்தாள். படகு கிட்டே வந்தது, பக்கத்தில் வந்தது. "இழு ஏட்டி! இழு!" என்று யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் கத்தியது நான் என்று தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஒரு முழம் முந்தி நாத்தனார் கரை தொட்டாள்.

சீட்டுகளைக் கழற்றிப் பார்த்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சைத் தோல். நரைத்த அம்மா, சாயங்காலம் மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்றாள். டீச்சர் தோளைத் தடவிக்கொண்டே வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அவள் சொன்னதை நாத்தனார்தான் எங்களுக்குச் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு: "பழம் நானாக் கேட்டு வாங்குனதுன்னு சொல்லுதா. ரெண்டு பேருக்கும் சீட்டு ஓடல, இவ இழுத்துட்டா, எனக்கு முடியல, அவ்வளவுதான்னு சொல்லுதா."

என் வீட்டுக்காரர் அதற்குள் பழைய ஆளாகிவிட்டார். "பாத்தியா, பூஜை வேலை செஞ்சிருக்கு."

மறுநாள் காலையில் நாலு பேர் ஓட்டுகிற படகை இறக்கினார்கள். நாத்தனார் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டில்களை டீச்சர் வைத்திருந்தாள். உடைத்த தேங்காய் மிச்சம் கிடந்தது, சட்னி அரைத்தேன்.