வேவு பார்த்த கிறிஸ்துமஸ் தாத்தா

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் 'மெர்வின் ஹோம் நீட்ஸ்' கடை வைத்திருக்கும் லாசரஸுக்கு வியாபார மூளை என்று தனியாக ஒன்றும் கிடையாது. இருந்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் புத்திதான். அதை அவர் மறைத்ததும் இல்லை. "ஆண்டவரு கண்ண முன்னாடி வெச்சிருக்காரு. பாக்காம இன்னா பண்றது?" என்பார்.

டிசம்பர் வந்துவிட்டால் சபையின் கேரல் குழு வீடு வீடாகப் போய்ப் பாடும். அதில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் லாசரஸுக்குத்தான். வேறு யார் கேட்டாலும் விட்டுத்தர மாட்டார். பிள்ளைகள் மேல் அவருக்கு அத்தனை பிரியம் என்று சபையே நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் பிள்ளைகள் சத்தம் போட்டாலே அவருக்கு எரிச்சல் வரும். அவருக்கு வேண்டியது அந்த பிளாஸ்டிக் முகமூடி. உள்ளே கண் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பாட்டு முடிந்து எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார்களே, அதுதான் லாசரஸுக்கு ஆபீஸ் நேரம்.

ஹாலில் இருந்த ஷோகேஸ்கள் காணாமல் போவதை அவர் அப்படித்தான் கண்டுபிடித்தார். டிவி சுவரில் ஏறியதைப் பார்த்ததும் டிவி ஸ்டாண்டு வாங்குவதை நிறுத்தினார். எதிர்க்கடைக்காரர் அடுத்த ஜனவரியில் அதையே ஒரு லோடு இறக்கிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பெருங்களத்தூர் புது அபார்ட்மென்ட்களில் கதவுக்கு வெளியே செருப்பு சிதறிக் கிடந்ததைப் பார்த்து, மூடி வைத்த ஒல்லி ரேக்குகளைக் கொண்டுவந்து விற்றார். ஜனங்கள் வாயால் சொல்வதை அவர் நம்பவே மாட்டார். "சிம்பிளா இருந்தா போதும்னு சொல்றவன் வூட்லதான் மூணு சோபா கீது" என்பது அவர் அனுபவம்.

சறுக்கியதும் உண்டு. ஒரு வருஷம் எங்கே பார்த்தாலும் பால்கனியில் பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் புல். மனிதர் துள்ளிக் குதித்து ரோல் ரோலாக வாங்கிப் போட்டார். அப்புறம் பார்த்தால் அத்தனையும் ஒரே பில்டர் இலவசமாக விரித்துக் கொடுத்தது. மனைவி ரத்தினபாய் இன்றைக்கும் அதன் மேல்தான் வற்றல் காய வைக்கிறாள். வேறு ஆளாக இருந்தால் வெளியே மூச்சு விடமாட்டான். லாசரஸோ கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தானே சொல்லிச் சிரித்தார்.

ஆனால் இப்போது சிரிப்பு வரவில்லை. துடைப்பத்தைக் கூட பைக் பையன்கள் வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், கடைக்கு யார் வருவார்கள்? டவல் ராடு மட்டும்தான் என்ன காரணமோ தெரியாமல் விலை போய்க்கொண்டிருந்தது. ரத்தினபாய் ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஜனவரில கடைய மூடிட்டு பெங்களூருக்கு மெர்வின் வீட்டுக்கே போயிடலாங்க."

லாசரஸுக்கு அது சரிப்படாது. கடை இல்லாமல் அவர் என்ன செய்வார்? மகனுடைய ஏழாவது மாடி ஃப்ளாட்டில் எல்லாக் கதவும் சாத்தியே கிடக்கும். எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் கூடக் கிடையாது. "இந்த ரவுண்ட்ஸ் மட்டும் பொறு. புதுசா ஒண்ணும் கண்ல படலன்னா நானே ஷட்டர இறக்கிடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதல் சில வீடுகளில் ஒன்றும் தேறவில்லை. கேரல் குழுவை நடத்தும் சுந்தர்சிங்தான் பல்லைக் கடித்தான்.

"அங்கிள், டான்ஸ் ஆடுங்க. அவங்க கர்ட்டன தடவாதீங்க."

அடுத்தது ஈவ்லின் டீச்சர் வீடு. ரிட்டயர் ஆகித் தனியாக இருக்கிறார். ஸ்டாண்டில் நிறுத்திய செல்போனில் கனடாவிலிருந்து மகள் குடும்பம் கேரல் பார்த்தது. தாத்தா செல்போனைப் பார்த்துக் குதித்தார். ஜெபம் ஆரம்பித்ததும் வழக்கம்போலக் கண்ணை ஓட்டினார். பாத்ரூம் கதவு திறந்திருந்தது. ஷவருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் டவல் ராடு நடுவில் வளைந்து தொங்கியது. அவர் கடைச் சரக்குதான்.

அடுத்த வீட்டிலும் வயதான தம்பதி. அங்கே ராடு ஒரு பக்கம் பிய்ந்துபோய், ஜன்னல் கம்பியில் கயிறு கட்டியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் ராடு இருந்த இடத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டை.

லாசரஸுக்குப் பளிச்சென்று விளங்கியது. அட, துண்டு போட யார் இத்தனை ராடு வாங்குவார்கள்? பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வாங்கியிருக்கிறார்கள்! கைப்பிடிக் கம்பி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. அந்தக் கம்பியை இறக்கினால் போதும், கடை பிழைத்தது! தாத்தா அந்த வீட்டு ஹாலில் ஆடிய ஆட்டத்தில் வயிற்றுத் தலையணை நழுவி முழங்காலுக்கு வந்துவிட்டது.

கடைசி வீடு அவருடையதே. வெற்றி வீரனாக மணியை ஆட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். ரத்தினபாய் எல்லோருக்கும் கேக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். லாசரஸின் கண் பழக்க தோஷத்தில் சுற்றியது.

ரத்தினபாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் கை வைத்த இடத்தில் சுண்ணாம்பு ஏற்கெனவே கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு ஹாலிலிருந்து பாத்ரூம் வரை இடுப்பு உயரத்தில் கோடாகப் போயிற்று. கதவுக்கு உள்ளே டவல் ராடு வளைந்திருந்தது. அதை அவரே எத்தனை தடவை மாற்றியிருக்கிறார்! "ஓசில வருதுன்னு தொங்கறியா?" என்று ஒவ்வொரு தடவையும் கத்தியிருக்கிறார்.

ஊரார் பாத்ரூமையெல்லாம் வேவு பார்த்த பாவி, கட்டினவள் நடையைப் பார்க்கவில்லையே! முகமூடிக்குள் கண்ணீர் இறங்கிப் பஞ்சுத் தாடி நனைந்தது. ஜெபம் முடிந்து எல்லோரும் கண்ணைத் திறந்தபோதும் அவர் கண் அந்தச் சுவரிலேயே இருந்தது.

குழு கிளம்பிப் போனதும் ரத்தினபாய் கேட்டாள், "என்ன, ஏதாவது கண்ல பட்டுதா?"

"பட்டுச்சு. ஏன் ரத்தினம் சொல்லல?"

அவர் பார்வை போன சுவரை அவளும் பார்த்தாள்.

"சொன்னா? 'உனக்கின்னா, கல்லு மாதிரி கீறே'ன்னுவீங்க. மெர்வின் அவன் வீட்டு பாத்ரூம்ல கம்பி போட்டு வெச்சிருக்கான். அதுக்குத்தான் பெங்களூரு போலாம்னேன். உங்க கடைமேல எனக்கு என்ன கோவம்?"

மறுநாள் லாசரஸ் கடையைத் திறக்கவில்லை. பாரிமுனைக்குப் போய்த் தடித்த ஸ்டீல் கம்பிகள் வாங்கிவந்து, தானே சுவரைத் துளைத்துப் படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை பொருத்தினார். ரத்தினபாய் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

"அப்போ கடைய மூடணுமா?" என்றார் லாசரஸ், தலையெல்லாம் சிமென்ட் தூசியோடு.

"அத அப்பறம் பேசலாம். வெளிய போங்க, நான் நிம்மதியா குளிக்கணும்."

அவர் வெளியே வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதவைத் தானே சாத்தினார்.